சும்மா வரும் ஜக்கூசி: வாங்கலாமா, வேண்டாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் நாத்தனார் டர்பன் பக்கத்து உம்லாங்கா வீட்டை விற்றுவிட்டுக் கேப் டவுனுக்குப் போகிறார். அங்கே ஆறு பேர் உட்காரும் ஜக்கூசி (வெந்நீர்த் தொட்டி) ஒன்று இருக்கிறது. வாங்கி ஏழு வருடம் ஆகிறது, ஒரு வருடமாகத் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது. "காசு வேண்டாம், மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார். பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள், மாமியார் வேண்டாம் என்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். தொட்டிக்கு விலை இல்லைதான். ஆனால் அதைத் தூக்கி வரவும், அடியில் கான்கிரீட் போடவும், டிபி போர்டிலிருந்து (வீட்டின் மின் விநியோகப் பலகையிலிருந்து) தனி கேபிள் இழுக்கவும், புது மூடி செய்யவும் உங்கள் கையிலிருந்துதான் போகும். கான்கிரீட்டும் கேபிளும் கடையில் புதுத் தொட்டி வாங்கினாலும் வருகிற செலவு. இவ்வளவையும் கொட்டுவதற்கு இந்தத் தொட்டி தகுமா என்பதுதான் கேள்வி. அந்த விடை நாத்தனார் வீட்டிலேயே, தொட்டி இருந்த இடத்தில், வயர் மாட்டியிருக்கும்போதே கிடைத்துவிடும். கழற்றி உங்கள் முற்றத்தில் இறக்கிய பிறகு கிடைத்தால், கெட்ட தொட்டியை அப்புறப்படுத்தும் செலவும் உங்கள் தலையில்.

இந்த வாரமே ஒரு பகல் போய், முதலில் தொட்டியின் ஓடு, அதாவது அக்ரிலிக் உடல், எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மேல் பூச்சில் முடி போன்ற கோடுகள் வெயிலால் வருபவை, பாதகமில்லை. நகம் உள்ளே இறங்குகிற விரிசல், முக்கியமாகப் படியின் மூலையிலும் ஜெட்டை (தண்ணீர் பீய்ச்சும் துளையை) சுற்றியும் இருந்தால், அடியிலுள்ள ஃபைபர் கிளாஸும் பிளந்திருக்கும். இருக்கைகளையும் தரையையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் ஓரிடத்தில் மட்டும் பொள்ளலாகக் கேட்டால் அங்கே அக்ரிலிக் ஃபைபரை விட்டுப் பிரிந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு மேல் அப்படிப் பிரிந்திருந்தாலோ, கொப்புளம் எழும்பியிருந்தாலோ, அத்துடன் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். ஓடு செப்பனிடும் செலவுக்கு அளவே கிடையாது.

அடுத்து, பிரேக்கரை இறக்கிவிட்டு, பம்பு இருக்கும் பக்கத்துப் பலகையைக் கழற்றுங்கள். டர்பன் பக்கம் ஒரு வருடம் சும்மா கிடந்த பெட்டிக்குள் பல்லி, எறும்பு, எலி எல்லாம் குடித்தனம் நடத்தியிருக்கும். எலி கடித்த வயர் கண்ணுக்குத் தெரியும். எறும்பு ரிலேக்களின் இடுக்கில் நசுங்கி, மின்தொடர்பு சேராமல் செய்துவிடும். கடற்காற்றில் முனைகள் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். குழாய் இணைப்புகளின் கீழே வெள்ளைப் படிவு வழிந்திருந்தால் அங்கே நெடுநாள் கசிவு இருந்திருக்கிறது. மரச்சட்டத்தின் அடிக்கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். பஞ்சுபோல உள்ளே போனால், தூக்கும்போதே சட்டம் உடையும். மோட்டாரின் பின்புற விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்ற வேண்டும்.

அங்கேயே ஒட்டியிருக்கும் தகட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், எத்தனை ஆம்பியர், என்ன மாடல் என்று அதில் இருக்கும். அந்தக் கட்டுப்பாட்டுப் போர்டுக்கும் அந்த ஃபில்டருக்கும் இங்கே பாகம் கிடைக்குமா என்று இரண்டு கடைகளில் கேளுங்கள். பாகம் கிடைக்காத தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் பழுதோடு முடிந்துவிடும்.

இவ்வளவும் சரியென்றால் தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். ஹோஸை ஃபில்டர் இருக்கும் குழிக்குள் வைத்து நிரப்ப வேண்டும். அப்போதுதான் குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியே தள்ளப்படும். 1,200 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் குழாயில் 80 நிமிடத்தில் நிறையும். எர்த் லீக்கேஜின் (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்சின்) சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். யாரும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. இந்த வேலைக்கு ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துப் போவது வீண்செலவு அல்ல.

பம்பு முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும், மலிவான பாகம். கிறீச்சென்று கத்தினால் பேரிங். மோட்டாருக்கும் பம்புத் தலைக்கும் நடுவில் சொட்டினால் ஷாஃப்ட் சீல். ஒரு வருடம் காய்ந்து கிடந்த சீல் சொட்டுவது வழக்கம்தான், அதற்காகத் தொட்டியை வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் எர்த் லீக்கேஜ் விழுந்தால் எலிமென்டின் உறை வெடித்திருக்கிறது. 3 கிலோவாட் எலிமென்ட் மல்டிமீட்டரில் சுமார் 17.6 ஓம் காட்ட வேண்டும், 2 கிலோவாட் என்றால் சுமார் 26.5 ஓம். ஹீட்டர் உண்மையில் வேலை செய்கிறதா என்பதற்குத் தெர்மாமீட்டரே சாட்சி: மூடி போட்ட நிலையில் 1,200 லிட்டர் தண்ணீர் 3 கிலோவாட்டில் மணிக்கு 2 டிகிரி, 2 கிலோவாட்டில் ஒன்றரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஏறும்.

இனிப் பொறுமை வேண்டும். நீர்மட்டத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டு, மூடிவிட்டு, 24 மணி நேரம் விடுங்கள். சில மில்லிமீட்டர் குறைந்தால் அது ஆவியானது. அதற்கு மேல் போனால் கசிவு. பம்பு ஓடும்போதுதான் அதிகம் குறைகிறது என்றால், பம்பிலிருந்து ஜெட்டுக்குப் போகும் அழுத்தக் குழாயில் கோளாறு. ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி இறங்கினால், பம்பை நிறுத்தி இறங்கவே விடுங்கள். எந்த உயரத்தில் தண்ணீர் நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் கசிவு இருக்கும். யூனியனின் (குழாய் இணைப்பின்) ரப்பர் வளையமான ஓ-ரிங் என்றால் பத்து நிமிட வேலை. ஆனால் ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் முழுக்க ஃபோம் அடைத்த தொட்டியாக இருந்து, கசிவு அந்த ஃபோமுக்குள் என்றால், தோண்டித் தோண்டித் தேட வேண்டும். நனைந்த ஃபோம் காய்வதும் இல்லை, சூட்டைக் காப்பதும் இல்லை. அந்தத் தொட்டியை எடுக்காதீர்கள்.

மூடியை ஒரு பாதி தூக்கிப் பாருங்கள். நல்ல மூடியின் ஒரு பாதியை ஒருவரே எளிதாகத் தூக்கலாம். இருவர் சேர்ந்தும் திணறினால் உள்ளே இருக்கும் தெர்மக்கோல் நீர் குடித்துவிட்டது. குரங்கு கிழித்த மூடிகளுக்கும் இதே கதி. அதைக் காய வைத்துச் சரிசெய்ய வழியில்லை, அளவுக்குச் செய்ய வேண்டும். நீளம், அகலம், மூலை வளைவு மூன்றையும் எடுத்துக்கொண்டு விலை கேளுங்கள்.

நம் கணக்கு இது: மூடி, பம்பு, கட்டுப்பாட்டுப் போர்டு இந்த மூன்றில் ஒன்று போயிருந்தால் எடுக்கலாம். இரண்டு போயிருந்தால் விட்டுவிடலாம். ஃபில்டர், ஓசோன் பெட்டி (தண்ணீரைச் சுத்தம் செய்வது), சீல், எலிமென்ட் ஆகியவை எப்படியும் தேய்ந்து மாற்றுபவைதான், அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நிரப்பிப் பார்க்க நாத்தனார் வீட்டில் வசதிப்படவில்லை என்றால், மூன்றும் போனதாகவே வைத்துக்கொண்டு செலவைக் கூட்டுங்கள். அப்போதும் கட்டுப்படியானால் மட்டும் எடுங்கள்.

கேள்வி: தொட்டியைப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது. எப்படிக் கொண்டு வருவது? எங்களிடம் ஒரு டன் பக்கி (பிக்கப் வண்டி) இருக்கிறது. எங்கள் பக்கவாட்டு கேட் 850 மில்லிமீட்டர் அகலம்.
– ஒரு வாசகர், வெருலம்

பதில்: கேட்தான் முதல் பிரச்சினை. இந்தத் தொட்டிகளைப் பக்கவாட்டில் நிமிர்த்தித்தான் நகர்த்துவார்கள். அப்போது தொட்டியின் உயரமே அகலமாகும். அது பெரும்பாலும் 900 மில்லிமீட்டர் வரும், உங்கள் கேட்டில் நுழையாது. கேட்டின் தூணை எடுக்க முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் கிரேன் வைத்த லாரியில் மதிலுக்கு மேலாக இறக்க வேண்டும். நிமிர்த்திய தொட்டி 2.1 மீட்டர் உயரம் நிற்கும் என்பதால் கூரை ஓரத்தையும், கார்போர்ட் குறுக்குச் சட்டத்தையும், தாழ்வாகத் தொங்கும் வயரையும் அளந்துகொள்ளுங்கள்.

பக்கியைவிடத் தாழ்ந்த ட்ரெய்லர் நல்லது. பக்கியில் நிமிர்த்தி வைத்தால் காற்று பிடித்துச் சாயும்.

மின்சாரத்தை எலக்ட்ரீஷியன் டிபி போர்டிலேயே துண்டிக்கட்டும். அவர் ஒவ்வொரு வயரையும் படமெடுத்து, டேப்பில் எண் ஒட்டிய பிறகே கழற்ற வேண்டும். தண்ணீரை வடித்தபின் பம்புத் தலையின் அடியிலுள்ள திருகையும் யூனியன்களையும் திறந்து மிச்சத்தையும் வெளியேற்றுங்கள். ஈரம் உறிஞ்சும் வேக்கம் கிளீனர் இருந்தால் ஜெட்டுகளிலும் வைத்து இழுங்கள். வெறும் தொட்டியே 300 கிலோ இருக்கும், குழாயில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். ஆறு பேராவது வேண்டும். ஜெட் குழாய்களையோ பம்பையோ பிடித்துத் தூக்காதீர்கள், ஓட்டின் விளிம்பையும் சட்டத்தையும் மட்டும் பிடியுங்கள். பம்பு இல்லாத பக்கத்தைக் கீழே வைத்து நிமிர்த்தி, 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய் நாலைந்தைத் தரையில் போட்டு உருட்டிக்கொண்டு போகலாம். பின்னால் விட்ட குழாயை ஒருவர் முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டே வரட்டும். சரிவில் இது வேண்டாம், 300 கிலோ உருள ஆரம்பித்தால் நிறுத்த ஆள் கிடையாது.

கேள்வி: மாடியில் தளம் போட்ட மொட்டை மாடி இருக்கிறது. நல்ல காற்று. அங்கே வைக்கலாமா?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வைக்காதீர்கள். ஆறு பேர் தொட்டியில் 1,300 லிட்டர் தண்ணீர் என்றால் 1,300 கிலோ. தொட்டி 320 கிலோ. ஆறு பேர் 450 கிலோ. மொத்தம் 2,070 கிலோ, அது 2.1 மீட்டருக்கு 2.1 மீட்டர் இடத்தில் இறங்குகிறது. சதுர மீட்டருக்கு 470 கிலோ. சாதாரண வீட்டுத் தளம் தாங்கக் கணக்கிடப்படும் ஆட்பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோதான். மூன்று மடங்குக்கு மேல். கல்யாண வீட்டில் அந்த மாடியில் நூறு பேர் நின்றார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வார்கள். அந்த நூறு பேர் மாடி முழுதும் பரவி, சாயங்காலம் இறங்கிப் போய்விட்டார்கள். தொட்டி ஒரே மூலையில், இரவும் பகலும் நிற்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஒழிய மாடியை மறந்துவிடுங்கள்.

தரையில் என்றால், இறுக்கிய மண்மேல் 2.4 மீட்டர் சதுரத்தில் 100 மில்லிமீட்டர் கனத்துக்கு, நடுவில் கம்பி வலை வைத்துக் கான்கிரீட். அது 0.58 கன மீட்டர். 50 கிலோ மூட்டை சிமென்ட் நான்கு போதும், மூட்டைக்கு இரண்டு வீல்பேரோ (ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி) மணல், இரண்டு வீல்பேரோ ஜல்லி. ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்திருந்து, அதன் பிறகே தொட்டியை ஏற்றுங்கள். தளம் மட்டமாக இருக்க வேண்டும். ஒரு மூலை பள்ளமானால் ஓடு முறுகி, நாளடைவில் ஜெட்டைச் சுற்றி விரிசல் விடும். செங்கல் அடுக்கியும், பேவிங் கல் மேலும் வைப்பவர்கள் உண்டு. டர்பன் மழையில் கல்லடி மணல் அரித்துப் போகும், நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பம்பு உள்ள பக்கம் ஓர் ஆள் முழங்காலிட 600 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுப் பிறகு சீல் மாற்றத் தொட்டியையே நகர்த்துகிறவர்கள் பலர்.

மின்சாரத்துக்கு டிபி போர்டிலிருந்து தனி பிரேக்கர், தனி 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ், வெளியே ஓர் ஐசொலேட்டர் (மின்சாரத்தை முழுதும் துண்டிக்கும் ஸ்விட்ச்). வீட்டின் பொது எர்த் லீக்கேஜிலேயே சேர்த்துவிட்டால் தொட்டியில் ஈரம் பட்ட ஒவ்வொரு முறையும் ஃப்ரிட்ஜும் அணைந்து போகும். தொட்டி விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் ஸ்விட்சோ பிளக்கோ வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயர் என்ற பேச்சே கூடாது. பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் வேலையை முடித்துச் சிஓசி (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நாளை வீட்டை விற்கும்போதும், தீ விபத்தில் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று கன்டெய்னரில் கொண்டு வந்த ஜக்கூசியைத் தருகிறது. 240 வோல்ட் என்று போட்டிருக்கிறது. இங்கே மாட்டலாம்தானே?
– ஒரு வாசகர், லெனேசியா

பதில்: வோல்டேஜுக்குப் பக்கத்தில் ஹெர்ட்ஸ் என்ன என்று பாருங்கள். 50/60 என்றிருந்தால் பேசலாம். 60 மட்டும் என்றால் வேண்டாம். ஹீட்டருக்கு ஹெர்ட்ஸ் பொருட்டல்ல, 5.5 கிலோவாட் எலிமென்ட் இங்கே 5 கிலோவாட்டாக ஓடும். மோட்டார்தான் அடிபடும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50-ல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், ஜெட்டின் அழுத்தம் ஏறத்தாழ 70 சதவீதமாக இறங்கும். அதோடு இரும்பில் காந்தப்புலம் அளவுக்கு மேல் ஏறி, சுருள் சூடாகி, சில மாதத்தில் கருகும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

இன்னொன்று, அமெரிக்க 240 என்பது 120 வோல்ட் லைவ் இரண்டும் நடுவில் நியூட்ரலும். ஓசோன் பெட்டி, சிறிய சுழற்சிப் பம்பு, விளக்கு போன்றவை பல தொட்டிகளில் அந்த 120-ல் ஓடுபவை. நம் 230-ஐ அவற்றுக்குக் கொடுத்தால் அன்றே போய்விடும். பம்பு, போர்டு, ஓசோன் எல்லாம் மாற்ற வேண்டுமென்றால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் ஓடுதான்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா என்பதால் இதையும் சேர்த்துப் பாருங்கள்: ஜூன், ஜூலையில் உங்கள் பக்கம் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். குளிர்காலம் முழுக்க அரைகுறையாக வடித்து வெளியே கிடந்த தொட்டி என்றால், குழாயில் நின்ற நீர் உறைந்து விரிந்து, குழாய் பிரியும் பெட்டிகளைப் பிளந்திருக்கும். நிரப்பாமல் அது தெரியாது.

கேள்வி: கரண்ட் எவ்வளவு இழுக்கும்? எங்களுடையது ப்ரீபெய்டு மீட்டர். லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் தண்ணீர் ஆறிவிடாதா?
– ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: 1,300 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 38-க்கு ஏற்ற 30 யூனிட் ஆகும். யூனிட் 3 ரேண்ட் என்று வைத்தால் 90 ரேண்ட், உங்கள் ரசீதில் உள்ள விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். அது நிரப்புகிற அன்றைக்கு மட்டும். மாதாமாதம் கடிப்பது, சூட்டைத் தக்கவைக்கும் செலவு.

அதை நீங்களே அளக்கலாம். இரவு 9 மணிக்கு 38 டிகிரியில் மூடி போட்டு, பிரேக்கரை இறக்கிவிடுங்கள். காலை 6 மணிக்குப் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு டிகிரிக்கும் ஒன்றரை யூனிட். 3 டிகிரி குறைந்திருந்தால் ஒன்பது மணி நேரத்தில் நாலரை யூனிட், நாளுக்கு 12. அது 3 ரேண்ட் விலையில் நாளொன்றுக்கு 36, மாதம் ஆயிரத்துக்கு மேல். பம்பு ஓடும் செலவு இதற்கு மேல். இந்தச் சோதனையையும் தொட்டியை எடுக்கும் முன்பே செய்ய முடிந்தால் செய்யுங்கள்.

சூடு பெரும்பாலும் போவது நீராவியாகத்தான். ஒரு லிட்டர் ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக, 0.67 யூனிட், அதோடு போகிறது. அதனால்தான் மூடியைப் பற்றி இவ்வளவு சொல்கிறோம். மூடி நடுவில் மடங்கும் இடத்தில் ஆவி கசிந்தால், தண்ணீர் மேலேயே மிதக்கும் குமிழ்த்தாள் ஒன்றைப் போட்டு அதன்மேல் மூடியைப் போடுங்கள், செலவு கண்கூடாகக் குறையும்.

இரண்டு மணி நேர லோட் ஷெடிங்கில் நல்ல மூடியுள்ள தொட்டி ஒரு டிகிரிகூட இறங்காது. மின்சாரம் திரும்பி வரும்போது அடிக்கும் வோல்டேஜ்தான் போர்டைக் கொல்கிறது. தொட்டிக்கான லைனில் சர்ஜ் அரெஸ்டர் போடச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஹீட்டரை அதன் லைனில் சேர்க்காதீர்கள், 3 கிலோவாட் ஹீட்டர் பேட்டரியை உறிஞ்சிவிடும். கூரையில் சோலார் இருந்தால் காலை 10 முதல் 2 மணிக்குள் சூடேறும்படி டைமர் வையுங்கள்.

கேள்வி: சும்மா கிடைத்த தொட்டியை மாட்டி இரண்டு வாரம் ஆகிறது. ஜெட்டைப் போட்டால் சோப்பு நுரைபோலப் பொங்குகிறது. தம்பி பிள்ளைகள் இருவருக்கும் இடுப்பிலும் தொடையிலும் சிவப்புப் பருக்கள். நீச்சல் குளத்துக் குளோரின்தான் போடுகிறோம்.
– ஒரு வாசகி, டொங்காட்

பதில்: பிள்ளைகளை இன்று முதல் இறக்காதீர்கள். நீச்சலுடை அழுந்துகிற இடத்தில் வரும் இந்தப் பருக்கள் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வருபவை. அநேகமாகத் தானே ஆறும், ஆனால் காய்ச்சலோ சீழோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வெந்நீர்த் தொட்டியில் குளோரின் வேகமாகத் தீர்ந்துபோகிறது. பழைய தொட்டியின் குழாய்க்குள் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன அழுக்குப் படலம் ஒட்டியிருக்கிறது, அதற்குள் இந்தக் கிருமிகளும், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லாவும் பதுங்கும். புதிதாகத் தண்ணீர் ஊற்றியதால் மட்டும் அது போகாது.

பழைய ஃபில்டரை எடுத்து எறியுங்கள். இப்போதுள்ள தண்ணீரிலேயே குழாய் சுத்தம் செய்யும் திரவத்தை ஊற்றி, எல்லா ஜெட்டையும் திறந்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பழுப்புப் பாசி கிளம்பி வரும், துடைத்தெடுங்கள். வடித்துவிட்டு மறுபடி நிரப்பி, 1,200 லிட்டருக்கு 43 கிராம் சோடியம் டைகுளோர் (ஒரு வகைக் குளோரின் தூள்) போடுங்கள், அது 20 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 20 பங்கு குளோரின்) வரும். குறையாமல் பத்து மணி நேரம் அந்த அளவில் நிற்க வேண்டும், இடையில் சோதித்து, குறைந்தால் கூட்டுங்கள். இந்த நேரத்தில் ஜெட் எல்லாம் ஓடட்டும், மூடியைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் குளோரின் வாயு மூடியின் உட்புறத்தைத் தின்றுவிடும். மீண்டும் வடித்து, தொட்டியின் உட்புறத்தைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டு நிரப்புங்கள். வடிக்கும் முன் ஒன்றிரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்துக் குளோரின் பூஜ்யமானதைச் சோதியுங்கள். மழைநீர்க் கால்வாயில் விட்டால் அது நேரே ஆற்றுக்குப் போகும்.

அதன் பிறகு தினசரி: பிஎச் 7.2 முதல் 7.8, குளோரின் 3 பிபிஎம்முக்குக் குறையாமல், புரோமின் என்றால் 4-க்குக் குறையாமல், அல்கலினிட்டி (காரத்தன்மை) 80 முதல் 120 பிபிஎம். குளித்து முடித்ததும் டைகுளோர் போடுங்கள், 1,200 லிட்டரை 5 பிபிஎம் ஏற்ற 11 கிராம். நீச்சல் குளத்து வெள்ளைக் குருணை கால்சியத்தைச் சேர்த்து எலிமென்டில் சுண்ணாம்பு கட்டும். குளத்து வில்லைகள் அமிலத்தன்மை உள்ளவை, ஹீட்டரையும் சீலையும் அரிக்கும். இவற்றை ஒரே டப்பாவிலோ ஒரே கரண்டியிலோ கலந்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

நுரைக்கு வருவோம். தலையில் தேங்காயெண்ணெய், உடம்பில் லோஷன், சோப்புத்தூள் முழுதும் போகாத நீச்சலுடை, இவைதான் காரணம். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பிள்ளைகள் நேரே தொட்டிக்கு ஓடுவார்கள். சீயக்காய் போட்டு எண்ணெய் போகத் தேய்த்துக் குளித்து, தலையை முடிந்துகொண்டு இறங்கட்டும். ஃபில்டரில் ஏறிய எண்ணெய் வெறும் தண்ணீரில் போகாது, அதற்கான திரவத்தில் இரவு முழுதும் ஊற வைக்க வேண்டும். தினம் இருவர் இறங்கும் 1,200 லிட்டர் தொட்டிக்கு ஐம்பது நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள்.

கேள்வி: ஆயாவுக்கு (பாட்டிக்கு) மூட்டுவலி. அவருக்காகவே இதை எடுக்க நினைக்கிறோம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறது.
– ஒரு வாசகர், மெர்பேங்க்

பதில்: ஆயாவின் டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் வெந்நீரிலிருந்து எழும்போது மயங்கி விழலாம். அவர் சம்மதித்தால் 37 டிகிரி, பத்து நிமிடம், பக்கத்தில் ஓர் ஆள், ஏறி இறங்கக் கைப்பிடி. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்குச் சூடு உறைக்காது, அவர்களுக்குக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். யாருக்கானாலும் 40 டிகிரிக்கு மேல் கூடாது. கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளும் இறங்க வேண்டாம். தைப்பூசக் காவடியில் அலகு குத்தியவர்கள் புண் முழுதும் ஆறும் வரை காத்திருக்கட்டும்.

குழந்தைக்காக மூடியின் நான்கு பட்டைகளும் பூட்டக்கூடியவையாக இருக்க வேண்டும், சாவி உங்களிடம் இருக்க வேண்டும். இங்கே நீச்சல் குளத்துக்கு 1.2 மீட்டர் உயர வேலி சட்டம், ஜக்கூசிக்கும் அதையே போடுங்கள் என்போம்.

கேள்வி: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பாதி மூழ்கிய வீட்டில் இருந்த தொட்டி. உடையவர்கள் காய வைத்துவிட்டோம், ஓடுகிறது என்கிறார்கள்.
– ஒரு வாசகர், இசிபிங்கோ

பதில்: பம்பும் போர்டும் இருப்பது பெட்டியின் அடிப்பாகத்தில், முதலில் மூழ்குவது அவைதான். சேற்று நீர் ஏறிய மோட்டார் காய்ந்தபின் ஓடும், ஆனால் பேரிங்கில் மணலும் சுருளில் உப்பும் தங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் 500 வோல்ட் இன்சுலேஷன் மீட்டரால் மோட்டாரையும் எலிமென்டையும் தனித்தனியே எர்த்துக்கு அளக்கட்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்தப் பாகம் போனது. வெள்ளத்தோடு சாக்கடையும் வந்திருக்கும், அது காப்பு ஃபோமில் ஊறியிருந்தால் எந்தக் குளோரினும் எட்டாது. பக்கப் பலகையைக் கழற்றிக் கீழ்வரிசை ஃபோமை ஒரு கைப்பிடி கிள்ளி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் அந்தத் தொட்டி வேண்டாம்.